ஒரு ஃபைலுக்கு ஒரு பேரு

தப்பா நினைச்சுக்காதீங்க சார், உங்க பையை நான்தான் திருப்பி வச்சேன். மேல தட்டுல எல்லாப் பையும் பிடி வெளிய பார்த்து இருக்கு, உங்களோடது மட்டும் உள்ள பார்த்துக் கிடந்துச்சு. அதைப் பார்த்துட்டு என்னால சும்மா உட்கார முடியாது. வீட்டுலயும் இதே கதைதான். துவரம் பருப்பு டப்பால துவரம் பருப்புன்னு எழுதி ஒட்டியிருப்பேன். 'கண்ணாடி டப்பாதானேங்க, உள்ள இருக்கிறது தெரியுதே'ன்னு என் சம்சாரம் கேப்பா. தெரிஞ்சா என்ன? பேருன்னு ஒண்ணு ஒழுங்கா இருக்கணுமா இல்லையா?

நான் திண்டுக்கல் வரைக்கும்தான். நீங்க மதுரையா? நல்லது. எனக்குத் திண்டுக்கல்ல ஒரே ஒரு வேலை, அதுவும் ஸ்டேஷன்லயே முடிஞ்சிரும். ஒரு பொண்ணுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். வாங்கிட்டு அடுத்த வண்டியைப் பிடிச்சுத் திரும்பிருவேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எங்க கம்பெனில விசாரணை. யாரை விசாரிக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க? என்னை. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ் சார். ஒரு நாள் லேட்டாப் போனது கிடையாது. அந்தக் கையெழுத்து இல்லாம உள்ள போனேன்னா என்னைத் தூக்கிருவாங்க. வேலை போறதோட விட்டாலும் பரவால்ல, ஆஸ்பத்திரிக்காரன் கோர்ட்டுக்கு இழுப்பேங்கறான்.

நீங்களே சொல்லுங்க சார், கேட்டுட்டு. சம்பந்தமில்லாத ஒரு மனுஷன் நியாயம் சொல்லட்டும்.

என் பேரு குமரகுரு. ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் பண்ற கம்பெனி எங்களுது. நோயாளி உள்ள வந்து பேரு பதியறதுல இருந்து, எந்தப் படுக்கை, என்ன மருந்து, எத்தனை ஊசின்னு எல்லாம் எங்க சாஃப்ட்வேர்தான் சொல்லும். அதை ஒரே ஆள் உட்கார்ந்து ஒரே தாளா எழுதறதில்ல. துண்டு துண்டா எழுதுவாங்க. ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபைல். எங்ககிட்ட மொத்தம் பதினோராயிரம் ஃபைல். பதினஞ்சு வருஷமா யார் யாரோ வந்து எழுதிட்டுப் போனது.

அந்த ஃபைலுக்கெல்லாம் பேரு வச்சிருந்தாங்க பாருங்க. கேட்டா சிரிப்பீங்க. 'புதுசு'ன்னு ஒண்ணு. 'புதுசு ரெண்டு'. 'கடைசி'. 'நிஜமான கடைசி'. ஒருத்தன் 'சாப்பாட்டுக்கு அப்புறம்'னு வச்சிருந்தான். என்னடான்னு கேட்டா, சாப்பாட்டுக்கு அப்புறம் எழுதினதாம். இன்னொருத்தன் காதலிச்ச பொண்ணு பேரையே வச்சிட்டு வேலையை விட்டுப் போயிட்டான். அவ யாரு, அந்த ஃபைல் என்ன செய்யுதுன்னு ஒரு ஆளுக்கும் தெரியாது. ஆனா அதை எடுத்தா ஸ்கேன் ரிப்போர்ட் வராது. இப்படி ஒரு குப்பைமேடு சார். பதினஞ்சு வருஷமா அதுக்கு மேல உட்கார்ந்து எல்லாரும் டீ குடிச்சிட்டிருந்தாங்க.

நான்தான் எம்.டி. முன்னாடி ஒத்தைக் கால்ல நின்னேன். எல்லா ஃபைலுக்கும் ஒரே முறைல பேரு மாத்தணும் சார், இல்லன்னா நாளைக்கு ஒருத்தனும் இதைத் தொட முடியாதுன்னேன். எத்தனை நாள் ஆகும்னார். மூணு வாரம்னேன். என் வாயில அப்படி வந்துருச்சு. வந்த வார்த்தையை மாத்தற பழக்கம் எனக்கு இல்ல.

விதி போட்டேன். நானே உட்கார்ந்து எழுதினேன், ஒரே பக்கம். ஒரு வேலைக்கு ஒரு ஃபைல், ஒரு ஃபைலுக்கு ஒரு பேரு. பேருக்குப் பின்னாடி ஒண்ணு, ரெண்டுன்னு எண் இருக்கக் கூடாது. புதுசு பழசு இருக்கக் கூடாது. அதையெல்லாம் வெட்டிடணும். வெட்டினதுக்கு அப்புறம் ரெண்டு ஃபைல் ஒரே பேர்ல வந்து நின்னா, கடைசியா எதைத் திருத்தியிருக்காங்கன்னு தேதியைப் பார்க்கணும். தேதி புதுசா இருக்கிறது நிக்கும். பழசு போகும். எவ்வளவு சுலபம் பாருங்க. யார்கிட்டயும் கேக்கவே வேண்டாம், கம்ப்யூட்டரே பண்ணிரும்.

எல்லாரும் தலையாட்டினாங்க. அவ ஒருத்தியைத் தவிர.

ஜெசிந்தான்னு பேரு. அவகிட்டதான் கையெழுத்து வாங்கப் போறேன். படிச்சு முடிச்ச கையோட எங்ககிட்ட வந்தவ, ஒன்பது வருஷம் இருந்தா. மருந்துப் பகுதி பூரா அவ எழுதினதுதான். வேலைல சுத்தம், அதை நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பேரு வைக்கத் தெரியாது. ரெண்டாவது கல்யாணம் மாதிரி எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு 'ரெண்டு' போட்டு வச்சிருவா.

என் ரூமுக்கு வந்து நிக்கறா. 'சார், தேதியை வச்சு முடிவு பண்ணாதீங்க. மருந்துப் பகுதில மட்டும் நாப்பத்தோரு ஜோடி இப்படி இருக்கு. டோஸ்னு ஒண்ணு, டோஸ் ரெண்டுன்னு ஒண்ணு இருக்குல்ல. முதல்ல இருக்கிறது சாதாரணக் குழந்தைகளுக்கு. ரெண்டாவது எடை குறைஞ்சு பிறக்கிற குழந்தைகளுக்கு. அளவு வேற, ஊசிக்கு ஊசி விடற நேரம் வேற. டோஸ் ரெண்டுல நான் ஆறு வருஷமா கையே வைக்கல, தப்பே இல்லாததால. உங்க விதிப்படி அது பழசுன்னு போயிரும் சார்.'

நான் கேட்டேன், 'அப்படி இருந்தா அதுக்கு ஒழுங்கா பேரு வச்சிருக்கணும் இல்லம்மா?'

'வச்சிருக்கணும் சார். அப்ப நான் புதுசு, தெரியல. ரெண்டு வாரம் கொடுங்க, நானே ஒவ்வொண்ணாப் பார்த்துப் பேரு வச்சுத் தர்றேன்.'

ரெண்டு வாரம். நான் எம்.டி.கிட்ட சொன்னது மொத்தமே மூணு வாரம். எனக்கு எரிச்சல் வந்துருச்சு சார், மறைக்காம சொல்றேன். பதினோராயிரம் ஃபைலும் ஒரு விதிக்கு வருது, இவ நாப்பத்தொண்ணு மட்டும் பட்டுப் புடவை கட்டிக்கிட்டு தனியா நிக்குமா? உனக்கு ஒரு விதி, ஊருக்கு ஒரு விதி போட முடியாதும்மான்னேன். மெயில்ல போடுன்னேன். போட்டா. நாப்பத்தோரு ஜோடி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஏன் வேணும்னு காரணம். நல்லா நீளமா இருந்துச்சு. முழுசாப் படிச்சேனான்னா, இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை பகல்ல ஓட்டிவிட்டேன். ரெண்டரை மணி நேரம். திரைல பேரு ஒவ்வொண்ணா மாறி மாறி ஓடுது. சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. என் பொண்ணு பிறந்தப்பகூட நான் அழல.

இருங்க, திருச்சி வருது. காபி சாப்பிடறீங்களா? வேண்டாமா? சரி.

இப்ப ஒரு விஷயம் நீங்க புரிஞ்சுக்கணும். எங்க தொழில்ல எந்த வரியை யார் எழுதினா, என்னைக்கு எழுதினான்னு கம்ப்யூட்டரே குறிச்சு வச்சுக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல எழுதின ஆளோட பேரு நிக்கும். பேரு மாத்தும்போது பக்குவமா மாத்தினா அந்தக் குறிப்பும் கூடவே வரும். அதுக்கு நேரம் பிடிக்கும். நான் என்ன பண்ணேன்னா, புதுசா ஒரு இடம் திறந்து எல்லாத்தையும் புதுப் பேர்ல அங்க கொண்டு போய் இறக்கிட்டேன். இறக்கினது நான். அதனால நாலு லட்சம் வரிக்கும் எதிர்ல குமரகுரு, குமரகுரு, குமரகுருன்னு விழுந்துருச்சு. நான் வேணும்னு பண்ணல சார். அது அப்படித்தான் விழும்.

பழைய இடத்தையா? ஆறு மாசம் வச்சிருந்தேன், அப்புறம் அழிச்சிட்டேன். பழசு கிடந்தா பசங்க அதையேதான் தேடிப் போவாங்க.

அப்புறம் எங்க கம்பெனியை வேற ஆளுங்க வாங்கினாங்க. வாங்கினவன் முதல்ல என்ன கேப்பான்? யார் வேலை பார்க்கிறா, யார் சும்மா உட்கார்ந்திருக்கான்னு கேப்பான். ஆள் ஆளாக் கூப்பிட்டுக் கேக்கல. கம்ப்யூட்டர்ல எண்ணிட்டாங்க. யார் பேர்ல எத்தனை வரி? என் பேர்ல நாலு லட்சத்துச் சொச்சம். ஜெசிந்தா பேர்ல தொள்ளாயிரத்து எண்பது. எல்லாம் நான் பேரு மாத்தினதுக்கு அப்புறம் எழுதினது மட்டும்.

எனக்கு மேடைல கூப்பிட்டு கண்ணாடில ஒரு கேடயம் கொடுத்தாங்க. வைஸ் பிரசிடென்ட் ஆனேன். அவளுக்கு வேலை சரியில்ல, நின்னுக்கோன்னு கடுதாசி.

வந்தா, என் ரூமுக்கு. அழல, அதைச் சொல்லணும். 'சார், மருந்துப் பகுதி நான் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லுங்க. என் வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது. பொண்ணு ஏழாவது படிக்கிறா.'

எனக்குத் தெரியும்தான். ஆனா நான் போய் என்ன சொல்றது சார்? கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது, நான் இன்னொண்ணு சொல்லணுமா? எதுக்கு ஒரு ரெக்கார்டு வச்சிருக்கோம்? இன்னிக்கி இவளுக்காகச் சொன்னா, நாளைக்கு முப்பது பேர் வந்து நிப்பான். கேடயத்தை வேற வாங்கி வச்சாச்சு. அதைத் தூக்கிட்டுப் போயி, ஐயா இது நான் எழுதினது இல்லன்னு சொல்ல முடியுமா? நீங்க சொல்வீங்களா? சொல்ல மாட்டீங்கல்ல. 'பார்க்கிறேம்மா'ன்னு அனுப்பிட்டேன். அவ நாற்காலில இருந்து எழுந்து போனப்புறம் அதை மேஜைக்கு நேரா இழுத்து விட்டது இன்னும் ஞாபகம் இருக்கு. கோணலா விட்டுட்டுப் போயிட்டா.

திண்டுக்கல்ல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பசங்களுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்துட்டிருக்கா இப்ப. மருந்துக் கணக்கு எழுதின கை. பாவம்தான்.

சரி, என் தலைவலிக்கு வர்றேன்.

தெற்க ஒரு ஆஸ்பத்திரி. குறை மாசத்துல ஒரு குழந்தை, ஒரு கிலோ நானூறு கிராம். ஏதோ கிருமின்னு ஊசி போட்டிருக்காங்க. எங்க சாஃப்ட்வேர் சொன்ன அளவு, சொன்ன நேரம், ஒன்பது நாள். கொஞ்சம்தான் சார் கூட. நர்ஸுக்குக்கூட சந்தேகம் வரல, அவ்வளவு கொஞ்சம். குழந்தை பிழைச்சு வீட்டுக்குப் போயிருச்சு. எட்டு மாசம் கழிச்சு அம்மாக்காரி தூக்கிட்டு வர்றா, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குதுன்னு. பார்த்தா காது போயிருச்சு, அந்த மருந்து அளவு கூடினா காதைத்தான் கெடுக்குமாம். ரெண்டு காதும். உயிருக்கு ஒண்ணுமில்ல, காது மட்டும்தான். இன்னும் ரெண்டு குழந்தையைக் கூப்பிட்டுப் பார்த்துட்டிருக்காங்களாம்.

நானும் தகப்பன்தான் சார். அன்னிக்கி ராத்திரி சாப்பாடு இறங்கல. ஆனா நான் போய் ஊசி போட்டேனா?

ஆஸ்பத்திரி வக்கீல் கேக்கிறான், அந்தக் கணக்கை எழுதினது யாருன்னு. திறந்து பார்த்தா டோஸ் ஃபைல்ல முதல் வரில இருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே பேரு. என் பேரு! நான் ஒரு வரி எழுதல சார். சத்தியமா ஒரு வரி எழுதல! பேரு மாத்தினதோட சரி. அதை அவங்ககிட்ட சொன்னேன். 'அப்படியா, கேடயம் வாங்கும்போது இதைச் சொல்லலையே'ன்னு கேக்கிறாங்க. எப்படிக் கேக்கிறாங்க பாருங்க. இருபத்திரெண்டு வருஷம் உழைச்சவன்கிட்ட கேக்கிற கேள்வியா இது? அடுத்தவ எழுதினது என் தலையில விழுது, தட்டிக் கேக்க ஒரு நாதி இல்ல. உள்ளுக்குள்ள அப்படி எரியுது சார். பத்து நாளா தூக்கம் இல்ல.

டோஸ் ரெண்டா? ஆமா, அது இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னு நீங்க சொல்றது சரிதான். ஆனா அது இப்ப இல்லையே. இல்லாத ஃபைலை யார் எழுதினா, யார் எடுத்தான்னு எப்படிக் காட்டறது? இருக்கிறது டோஸ் ஒண்ணுதான். அதை எழுதினது அவதான். அதுல எடை குறைஞ்ச குழந்தைக்குத் தனிக் கணக்கு இல்ல, அதுவும் உண்மைதான். நான் பொய் ஒண்ணும் சொல்லல.

மெயிலும் இல்ல. பதினெட்டு மாசத்துக்கு மேல யாரும் மெயில் வச்சிருக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு எங்ககிட்ட. அதையும் நான்தான் கொண்டு வந்தேன். வீட்டைப் பெருக்கிட்டு கொல்லையை அப்படியே விடுவாங்களா?

நாலு நாள் முன்னாடி அவளுக்கு போன் பண்ணேன். நானாத்தான் பண்ணேன், வைஸ் பிரசிடென்ட். எடுத்ததும், 'சார், நீங்களா'ன்னா. குரல் அப்படியே இருக்கு. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி அவளை எடுக்கத் தயாரா இருக்கு, அது எனக்கு முன்னாடியே தெரியும். எங்ககிட்டதான் விசாரிச்சாங்க, இந்தப் பொண்ணு ஒன்பது வருஷம் என்ன எழுதினான்னு எழுதிக் கேட்டிருந்தாங்க. ரெண்டு மாசமா அந்தக் கடுதாசி என் மேஜைல இருக்கு. பதில் போடல. வேணும்னு இல்ல, வேலை சார்.

சொன்னேன்: 'ஜெசிந்தா, நான் யோசிச்சுப் பார்த்தேன்மா. மருந்துப் பகுதில உன் பேரு இல்லாம இருக்கிறது நியாயமில்ல. டோஸ் ஃபைலை எழுதினது நீதான்னு ஒரு பேப்பர்ல போட்டுடுவோம். நீ கையெழுத்துப் போடு, கம்பெனி ரெக்கார்டுல ஏத்திடறேன். கோயம்புத்தூருக்கும் நல்லபடியா பதில் கொடுத்துடறேன், கையோட கொண்டாறேன்.'

நான் சொல்லி முடிக்கல, அழுதுட்டிருக்கா! வேலை போனப்ப அழாதவ. 'கடைசில ஒத்துக்கிட்டீங்களே சார். மாதா கண்ணைத் திறந்துட்டா. நான் நல்லாத்தான் எழுதினேன்னு என் வீட்டுல யாருமே நம்பல சார்'ங்கறா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. நல்லது செய்யும்போது மனசு எவ்வளவு லேசாயிருது பாருங்க.

இதோ, இதுதான் பேப்பர். படிச்சுப் பாருங்க, பரவால்ல. ரெண்டு பாரா. முதல் பாரா, 'டோஸ் என்ற ஃபைலின் அனைத்து வரிகளையும் எழுதியது நானே.' இதை அவளுக்கு போன்லயே படிச்சுக் காட்டிட்டேன். ரெண்டாவது பாரா வக்கீல் எழுதினது. 'எடை குறைந்த குழந்தைகளுக்கான அளவை அதில் சேர்க்காமல் விட்டது என் கவனக்குறைவே.' இதைப் படிச்சுக் காட்டல. சட்ட பாஷை எதுக்கு, அந்தப் பொண்ணு குழம்பும். நான் திரும்பற வண்டி கிளம்பறதுக்குள்ள போட்டாகணும்னு சொல்லி கையெழுத்து இடத்தை மட்டும் காட்டிரலாம்னு இருக்கேன்.

குழந்தை விஷயமா? அவளுக்குத் தெரியாது. சொல்லி என்ன ஆகப் போகுது? அவளும் ஒரு தாய், மனசு உடைஞ்சு போயிடுவா. அப்புறம் கையெழுத்து சரியா விழாது.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க? பேப்பரைக் கொடுங்க, கசங்குது. ரெண்டு வருஷமா அவ கேட்டது என்ன, தன் பேரு வேணும்னுதானே? பதினோராயிரம் ஃபைல்ல முழுசா அவ பேர்ல ஒண்ணுகூட இல்ல. இன்னிக்கி மத்தியானத்துக்கு மேல இந்த ஒண்ணுல இருக்கும். அழிக்க முடியாதபடி இருக்கும், கோர்ட்டு வரைக்கும் இருக்கும். அதை அவளுக்குச் செஞ்சு கொடுக்கறது யாரு? நான்தானே?

வடமதுரை தாண்டிருச்சு. எங்க என் செருப்பு? ம், இருக்கு. சார், உங்ககிட்ட ஒரு பேனா இருக்குமா? என்னோடது மை வரமாட்டேங்குது. இல்லையா? அந்தப் பையில? சரி, விடுங்க.

போன் அடிக்குது, அவதான். சொல்லும்மா. ம். வந்துட்டேன், மூணாவது பெட்டி. பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கியா? பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டா? எதுக்கும்மா? ஓ, அவ பார்க்கணுமா, அம்மா பேரு வர்றதை. சரி, சரி, பார்க்கட்டும். இந்தா, உன்கிட்ட பேனா இருக்கா? ம்? அப்படியா. சரி, வை.

பிரச்சனை இல்ல சார். பேனா அவளே வாங்கி வச்சிருக்காளாம், இதுக்குன்னு புதுசா.